சக்கர் மீன் குஞ்சு எடுக்க மண் குளமா, சிமெண்ட் தொட்டியா?

அலங்கார மீன் கடையில் விரல் நீளத்தில் வாங்கும் சக்கர் மீன், அதாவது பிளெகோ, அரை மீட்டர் வரை வளரும். அந்த அளவு மீனிடம் குஞ்சு எடுக்கக் கண்ணாடித் தொட்டி போதாது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருப்பவர்கள் முதலில் யோசிப்பது மண் குளம்தான்.

மீனுக்கும் அதுதான் பிடிக்கும். ஆண் மீன் நீர்மட்டத்துக்குக் கீழே கரையைக் குடைந்து பொந்து போடும். கையை விட்டால் முழங்கை உள்ளே போனபின்னும் முடிவு தட்டாது. உள்ளே மஞ்சள் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். தகப்பன் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் இருக்கும். நமக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆனால் அதே பொந்துகள் கரையை உளுத்துப்போக வைக்கின்றன. 2022 ஏப்ரலில் இங்கே கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு மழைக்குப் பொந்து விழுந்த கரை நிற்காது. உடைந்தால் மீன் ஆற்றுக்குத்தான் போகும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன், ரிச்சர்ட்ஸ் பே பக்கம் ந்செலேனி ஆற்றில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. இன்னொரு ஆற்றுக்கு நம் வீட்டுக் குளத்திலிருந்து போகக்கூடாது. எனக்கு இது ஒன்றே போதும், மண் குளத்தை விட்டுவிட.

சிமெண்ட் தொட்டியில் குடைய முடியாது. பொந்துக்குப் பதில் ஒரு முனை அடைத்த ஆறு அங்குல பைப்பைப் படுக்க வையுங்கள். வலை போட்டுப் பிடித்தால் துடுப்பு முள் கண்ணியில் சிக்கி, மீனும் கிழியும், வலையும் கிழியும். பைப் என்றால் வாயைக் கையால் பொத்தி அப்படியே தூக்கிவிடலாம். ஆண், பெண் அடையாளம் காண்பது சிரமம் என்பதால் ஐந்தாறு மீன்களைச் சேர்த்து விடுங்கள்.

குளிரில் மட்டும் மண் குளம் ஜெயிக்கும். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாட்களில் இங்கே இரவுக் குளிர் 11 டிகிரி வரை இறங்கும். ஆழமில்லாத சிமெண்ட் தொட்டி சீக்கிரம் சில்லிட்டுவிடும். பாதியைத் தரைக்குள் இறக்கி, ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் வைத்து, ராத்திரியில் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் சமாளிக்கலாம்.

தார்ப்பாய் விரித்த குளம் மலிவு. ஆனால் முள் பட்டு ஒரு இடத்தில் கிழிந்தால் போச்சு.

அப்புறம், வளர்க்க அனுமதி வேண்டுமா என்பதை மீன் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்குச் சன்னக் கம்பிவலை கட்டி, அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்புங்கள். தெருக் கால்வாய் பக்கம் வேண்டாம்.