ஒப்பரேஷன் காயத்துக்கு ஒன்லைனில் சாமான் எடுக்கப்போகிறவர்கள் வாசியுங்கள் – எனக்கு 28,500 ரூபா போய்விட்டது

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் மார்புக் குறைப்புச் சத்திரசிகிச்சை முடித்து இப்போது உவர்மலையில் வீட்டோடு இருக்கிறேன். மேலிருந்து இறங்கும் தையலும் மார்புக்கு அடியில் குறுக்கே போகும் தையலும் சந்திக்கிற மூலை இருக்கிறதே, பிரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிரியும். இழுவை கூட, இரத்த ஓட்டம் குறைவு. கச்சான் காற்று வீசுகிற நாட்களில் அந்த மடிப்பில் வேர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கும் பிரிந்தது.

அப்போதுதான் முகநூலில் 'காயம் ஆற்றும் செட்' விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பிரா, ஜெல், சிலிக்கன் ஷீட், எல்லாம் சேர்த்து 28,500. உடனே வாங்கவில்லை. பக்கத்தை நடத்துகிற பெண் ஒரு குரல் பதிவு அனுப்பினாள்: "அக்கா, நானும் இதே ஒப்பரேஷன் செய்தனான். எனக்கும் அதே மூலையிலதான் பிரிஞ்சது, பயப்படாதேங்கோ." இரவில் சாய்ந்து படுக்க முடிகிறதா என்றுகூடக் கேட்டாள். வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. அன்றே வங்கியில் காசு போட்டேன்.

பார்சலைப் பிரித்தால் பிராவுக்குள் கம்பி! தையல் போட்ட மடிப்பிலேயே அழுத்தும் கம்பி. ஜெல் போத்தலில் ஒரு பூப்படம் மட்டும். என்ன கலந்தது, எப்போது காலாவதி, ஒன்றும் இல்லை. கிளினிக்கில் காட்டினேன். சிலிக்கன் எல்லாம் தோல் முழுதாக மூடிய பிறகு தழும்புக்குப் பூசுவது, திறந்த காயத்தில் வைக்கவே கூடாது என்றார் சேர்ஜன்.

திருப்பிக் கேட்டால் முதலில் "கூரியர்காரர் மாத்திக் குடுத்திட்டார் போல." அப்புறம் "போட்டுப் பாருங்கோ, கம்பி பழகிடும்." பழகிடுமாம்! பிறகு "உள்ளாடை திருப்பி எடுக்கமாட்டம்." சரி, ஜெல்லுக்காவது காசைத் தா என்றேன். பதில் இல்லை, பிளொக். முகநூல் பக்கத்தில் போட்டிருந்த விலாசத்துக்குத் தம்பியை அனுப்பினேன், அப்படி ஒரு கடையே அங்கே இல்லை. 28,500 ரூபா!

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கை நோகிறது. கம்பி இல்லாத, முன்னால் திறக்கிற பிரா மட்டும். லேபல் இல்லாத எதையும் காயத்தில் பூசாதீர்கள். மடிப்பை ஈரமில்லாமல் வைத்திருங்கள். சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு புகையிலை போடுவதையும் ஒப்பரேஷனுக்கு முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள். நிக்கோடின் இரத்தக் குழாயைச் சுருக்கும், காயம் ஆறாது. சீழ், நாற்றம், காய்ச்சல், சிவப்புப் பரவல் என்றால் இன்பொக்ஸில் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பார்சலைப் பார்க்காமல் காசு போடாதீர்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடப்போகிறேன். உங்களுக்கும் அந்தக் குரல் பதிவு வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள், வங்கி ஸ்லிப்போடு சேர்த்து வையுங்கள்.