அப்பாவின் உலகப்படமும் புளியந்தீவுப் பிறேம் கடையும்

வீட்டில் பழைய துணிப்படம், காணி உறுதி, பள்ளிக்கூடச் சுவர்ப்படம் என்று ஏதாவது வைத்திருப்பவர்கள், லெமினேற் கடைக்குக் கொண்டு ஓடுமுன் இதை ஒருக்கா வாசியுங்கள். மட்டக்களப்பு புளியந்தீவில், சாமிப் படங்களுக்குப் பிறேம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் என் அப்பாவின் உலகப்படத்தைச் செப்பனிடக் கொடுத்தேன். ஏழு கிழமை எடுத்தது, ரூபா 18,500 ஆனது. கொடுத்த காசுக்கும் காத்திருந்த நாளுக்கும் மேலான வேலை. "பெயரைப் போட்டிராதீங்க சேர், இருக்கிற வேலையையே முடிக்க ஏலாமக் கிடக்கு" என்று அந்தத் தம்பி கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

படம் எது என்று முதலில் சொல்ல வேண்டும். நாலடி உயரம், ஆறடி அகலம், பின்னால் துணி ஒட்டி, மேலும் கீழும் மரத்தடி பூட்டிய ஆங்கிலப் படம். அச்சிட்ட ஆண்டு எங்கும் இல்லை. ஆனால் நாடுகளின் பெயரே ஆண்டைச் சொல்லிவிடும். அல்ஜீரியா தனி நிறத்தில் இருக்கிறது, ஆகவே 1962 ஜூலைக்குப் பிந்தியது. மலேசியா இல்லை, மலாயா இருக்கிறது, ஆகவே 1963 செப்டெம்பருக்கு முந்தியது. எகிப்து இருக்கும் இடத்தில் ஐக்கிய அரபுக் குடியரசு என்று கிடக்கும். சிரியா அதிலிருந்து 1961 இல் விலகிய பிறகும் எகிப்து 1971 வரை அந்தப் பெயரையே வைத்திருந்தது. இப்படித் தேடி ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் என் சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் முதல் பாடம். முப்பது வருசமாக வைக்கிறேன், ஒரு பிள்ளைகூட அலுத்துக்கொண்டதில்லை.

அப்பாவும் வாத்தியார். 1964 தொடக்கத்தில் கொழும்பில் வாங்கி, மட்டக்களப்பு மெயிலில் இரவு முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். சில மாதத்திலேயே, ஏப்ரலில், டாங்கனிக்காவும் சன்சிபாரும் ஒன்றாகிவிட்டன. புதுப்படம் அதற்குள் பழசாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் நொந்திருப்பார். அப்பா ஊற்றுப்பேனையை எடுத்து, அச்சிட்ட பெயரை மெல்லிய ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் தமிழில் எழுதினார்: தான்சானியா, 1964. அந்த வருசமே மலாவியும் சாம்பியாவும். 1965 இல் சிங்கப்பூரைச் சுற்றி ஒரு வட்டம். 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானை வெட்டி பங்களாதேசம். 1975 இல் பப்புவா நியூகினி, 1980 இல் சிம்பாப்வே. வெட்டிய பெயர் எப்போதும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். அது அவருடைய கண்டிப்பு. "பழைய பெயர் தெரியாதவனுக்குப் பழைய கடிதம் விளங்காது" என்பார்.

இலங்கையை மட்டும் அவர் வெட்டவில்லை. படத்தில் சிலோன் என்று இருக்கிறது. அதன் கீழே வாங்கிய அன்றே இலங்கை என்று எழுதியிருந்தார். 1972 மே 22 இல் நாடு குடியரசாகி ஆங்கிலப் பெயர் மாறியபோது, அந்தத் திகதியை மட்டும் கடலில் குறித்தார். தமிழில் நாங்கள் முன்னும் பின்னும் இலங்கை என்றுதானே சொல்கிறோம்.

1990 இல் ஊர் பெயர்ந்தபோது படத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த ஆண்டு ஜேர்மனி ஒன்றானது, யேமன் ஒன்றானது, நமீபியா விடுதலையானது. மூன்றையும் அவர் எழுதியது எங்கள் வீட்டில் இல்லை, இன்னொருவர் வீட்டுத் திண்ணையில். அடுத்த வருசம் சோவியத் ஒன்றியத்துக்குள் ஒன்றிலிருந்து பதினைந்து வரை இலக்கம் போட்டு, ஓரத்தில் பதினைந்து குடியரசுகளின் பெயரையும் எழுதினார். கை நடுங்கியிருப்பது எழுத்தில் தெரியும். 1992 இல் அப்பா போய்விட்டார். 1993 இல் செக்கையும் சுலோவாக்கியாவையும் எழுதியது நான்.

இதில் என் மனதை மிகவும் தொட்ட இடம் கொங்கோ. படத்தில் கொங்கோ என்றே அச்சாகியிருந்தது. 1971 இல் அது சயர் ஆனபோது அப்பா வெட்டினார். 1997 இல் ஆட்சி மாறி மறுபடி கொங்கோ ஆனது. அப்பா வெட்டிய பெயரையே அதற்குக் கீழே நான் திரும்ப எழுதினேன். லெனின்கிராட்டும் அப்படித்தான். 1991 இல் அது திரும்பப் பெற்ற சென் பீற்றர்ஸ்பேர்க் என்ற பெயர் இந்தப் படத்தைவிட மிகப் பழையது.

இப்படிப்பட்ட படத்துக்குத்தான் கேடு வந்தது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போய், இந்து சமுத்திரத்தின் மேல் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை. 2004 இல் பெரியநீலாவணையில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனபோது படம் மட்டக்களப்பில் தங்கையிடம் இருந்ததால் தப்பியது. கடலும் காற்றும் செய்யாததை ஒரு லெமினேற் கடை செய்தது. எந்தக் கடை என்று சொல்லவில்லை, ஊரும் வேண்டாம். "தூசு துடைச்சுத்தான் போடணும்" என்று ஈரத்துணியால் ஒரு இழுவை. ஊற்றுப்பேனை மை தண்ணீரில் நிற்குமா? அப்பா முதன்முதல் எழுதிய தான்சானியா என் கண் முன்னாலேயே நீலமாகக் கரைந்து மடகஸ்கார் வரை ஓடியது. படத்தைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு பல வருசம் அதை விரிக்கவே மனம் வரவில்லை. துணி உரிந்து, மடிப்புகளில் கடதாசி வெடித்து, வெள்ளிப்பூச்சி அத்திலாந்திக்கை அரித்துவிட்டது.

புளியந்தீவுத் தம்பி செய்த முதல் வேலை கையைக் கழுவித் துடைத்தது. பிறகு படத்தின் மூலையில் அப்பா எழுதிய ஒரு சின்னப் புள்ளியைத் தேடி, பஞ்சுக்குச்சியை நனைத்து அதன் மேல் ஒற்றிப் பார்த்தார். பஞ்சு நீலமானது. "முகத்தில தண்ணியே படக்கூடாது சேர். பின்னாலதான் வேலை" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே நான் காசு கொடுத்திருப்பேன்.

அழுக்கை எடுத்தது பாணால். பாணின் நடுவில் இருக்கும் வெள்ளையைப் பிய்த்து, உருட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டே போவார். பாண் கறுத்தால் எறிந்துவிட்டு அடுத்த துண்டு. பிறகு படத்தைக் குப்புறப் போட்டு, பழைய துணியை ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஒரே நாளில் உரிக்கவில்லை. கோதுமை மாப் பசையை அல்வா போல இறுகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்த்து, மெல்லிய காடாத்துணியில் பூசி ஒட்டினார். பசை இறுக்கமாக இருந்தால் ஈரம் கடதாசியின் முன்பக்கம் வராது. ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆகவே சிறிது சிறிதாகத்தான் ஒட்ட வேண்டும். ஏழு கிழமை ஏன் ஆனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த வேலை அவருக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பன் கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தின் பதிவேடுகளுக்குக் கட்டுப் போட்டவர். கச்சேரி அப்போது கோட்டைக்குள் இருந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, 1638 இல் ஒல்லாந்தர் கைக்குப் போய், பிறகு ஆங்கிலேயரிடம் போய், கடைசியில் எங்கள் பிறப்பும் காணியும் பதிந்த ஏடுகள் இருந்த இடமாயிற்று. "அப்பா கட்டின ஏட்டில எல்லாம் கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று எண்டு மட்டக்களப்புக்குள்ளதான் கிடக்கும். மறுகா வந்த ஏட்டில அம்பாறை" என்றார். "சேர் எந்தப் பக்கம்?"

நான் பெரியநீலாவணை. கல்லாறு தாண்டியதும் மாவட்ட எல்லை, அதற்கு அங்கால் நாங்கள். 1961 இல் மட்டக்களப்பைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். அம்மாவின் பிறப்புப் பத்திரம் மட்டக்களப்பு மாவட்டம். 1963 இல் பிறந்த என்னுடையது அம்பாறை மாவட்டம். இரண்டு பேரும் பிறந்தது ஒரே வீட்டில், ஒரே அறையில். எங்கள் வளவின் பழைய உறுதியில் இன்றைக்கும் கரவாகுப்பற்று என்ற பழைய பிரிவின் பெயரே இருக்கிறது. 1892 இல், இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளார் எந்த மாவட்டத்தவர் என்று என் வகுப்பில் பிள்ளைகள் சண்டை பிடிப்பதுண்டு. அடிகளார் கண்மூடிய 1947 இல் அம்பாறை மாவட்டம் என்ற ஒன்றே இல்லை, அவருடைய சமாதியும் மட்டக்களப்புக் கல்லடியில்தான். இதையெல்லாம் அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஏழு கிழமையில் அவர் எனக்கு எடுத்த ஒரே அழைப்பு இது: "சேர், இலங்கையில கிழக்குப் பக்கம் ஊசி ஓட்டை ஒண்டு கிடக்கு. பழைய துணியிலயும் கிடக்கு. பூச்சி அரிச்சதில்லை, ஆரோ குத்தினது. அடைக்கவா, விடவா?" இந்தப் படத்தில் எங்கள் ஊரும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் மட்டும் புள்ளி இருக்கும். அப்பா ஊசியால் குத்தி, பின்னால் லாந்தரைப் பிடித்து, "இந்தா, இதுதான் நம்மட ஊர்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார். அதைச் சொன்னதும் தம்பி சற்று நேரம் பேசவில்லை. படத்தை எடுக்கப் போனபோது பார்த்தேன், புதுத் துணியிலும் அதே இடத்தில் ஊசியை ஏற்றியிருந்தார்.

குறைகளும் உண்டு. மூன்று கிழமை என்று சொல்லி ஏழு ஆக்கினார், நானாக எடுத்தால் போனைத் தூக்கவே மாட்டார். இரண்டு முறை வீணாகப் பஸ் ஏறிப் போய் வந்தேன். நோர்வேக் கரையில் இரண்டு துண்டுகள் ஒரு நூல் அளவு விலகி ஒட்டியிருக்கின்றன, தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும். மரத்தடிக்குப் பூசிய வார்னிஷ் ஒரு மாதமாக மணக்கிறது. விலையை முதலே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, எனக்கு வாயால் சொன்னதற்கு மேல் 2,500 கூடியது. ஆனால் படத்தை எஸ்லோன் பிளாஸ்டிக் பைப் ஒன்றில் சுருட்டி வைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டுத் தந்தார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

கரைந்த தான்சானியாவைத் திரும்ப எழுதித் தருவீர்களா என்று நான்தான் அவரைக் கேட்டேன், எழுத்து அழகான ஆள் என்பதால். அவர் மறுத்துவிட்டார். "அந்தக் கறைக்கு மேல ஒண்டும் வேண்டாம் சேர். ஓரத்தில சேரே எழுதுங்க, பென்சிலால. பென்சில் தண்ணிக்கு ஓடாது." சரியான புத்தி. அப்படியே செய்தேன். தென் சூடான் 2011, எசுவாத்தினி 2018, வட மசிடோனியா 2019, எல்லாம் இப்போது என் பென்சில் எழுத்தில்.

படத்தைத் திரும்ப மாட்டிய முதல் வகுப்பில் ஒரு மகள் கேட்டாள், "இவ்வளவு பெயர் மாறியிருக்கே சேர், ஆக்களும் இடம் மாறினவங்களா?" இந்தியாவும் பங்களாதேசமும் 2015 இல் ஒன்றின் எல்லைக்குள் மற்றதற்கு இருந்த 162 நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்ட கதையைச் சொன்னேன். 111 பங்களாதேசத்துக்குப் போயின, 51 இந்தியாவுக்கு. ஜூலை 31 நள்ளிரவோடு மாறியது. பெரும்பாலானவர்கள் இருந்த வீட்டிலேயே இருந்தார்கள், படுக்கும்போது ஒரு நாடு, எழும்பும்போது இன்னொரு நாடு. இந்தப் படத்தில் அந்தத் திட்டுகள் ஒன்றும் தெரியாது. வடக்கும் கிழக்கும் 1988 இல் ஒரே மாகாணமாகி, 2006 தீர்ப்போடு திரும்பப் பிரிந்ததும் இதில் தெரியாது. அதற்குப் பிறகு அம்மாவின் பத்திரத்தையும் என்னுடையதையும் எடுத்து மேசையில் வைத்தேன். பிள்ளைகள் மாறி மாறி வாசித்தார்கள்.

இப்போது அவர்களுடைய கண் பூகன்வில் மேல். 2019 வாக்கெடுப்பில் அந்த மக்கள் பெருவாரியாகத் தனிநாட்டுக்கு வாக்களித்தும், இன்னும் பப்புவா நியூகினிக்குள்தான் இருக்கிறது. ஒரு பொடியன் எழுதிவிடட்டுமா என்று கிழமைக்கு ஒருக்கா கேட்கிறான். நடந்த பிறகுதான் எழுத வேண்டும், திகதியோடு எழுத வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பென்சிலைத் தீட்டி, கீழ் மரத்தடியில் நூலால் கட்டிவிட்டிருக்கிறான்.