சிங்கப்பூர், மலேசியா: வாழ்க்கைத் தரம் ஓர் ஒப்பீடு

1965-இல் பிரிந்த இவ்விரு நாடுகளையும் சம்பளத்தை வைத்து ஒப்பிட்டால் சிங்கப்பூரே முந்தும். சிங்கப்பூரில் வேலைக்குச் செல்ல, விடியும் முன்பே இரு நாடுகளையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசத்தோடு வரிசைகட்டி நிற்கும் மலேசியத் தொழிலாளர்களே அதற்குச் சாட்சி. ஆனால் மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் வசிப்போரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அரசு கட்டிய, 99 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்ட அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். கார் வாங்க வேண்டுமானால் அதன் விலையோடு, 10 ஆண்டுகள் செல்லும் உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் பெற வேண்டும் என்பதால், நடுத்தரக் குடும்பங்கள் பலவும் எம்ஆர்டி ரயிலையே நம்பியிருக்கின்றன; அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், அந்தச் சேவை அவ்வளவு நேர்த்தியானது. மலேசியாவிலோ தரைவீடும் காரும் நடுத்தர வருமானத்துக்கு எட்டக்கூடியவை. அரசு கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் செலுத்தி மருத்துவரைப் பார்க்கலாம், காத்திருப்புதான் நீளும்.

தமிழருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, ஆயினும் பள்ளியில் அது ஒரு பாடமே. மலேசியாவில் அந்தத் தகுதி இல்லாவிட்டாலும், 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தமிழிலேயே பெறுகிறார்கள். பிள்ளை வளர்க்கும் குடும்பத்துக்கு இது சம்பள உயர்வைவிடப் பெரிது என்றே நான் கருதுகிறேன்.