அம்மாவுக்கு விஆர் ஹெட்செட் மாட்டிப் பாத்தோம், ரெண்டு மாச அனுபவம்

அம்மாவுக்கு 76 வயசு, மறதி நோய் வந்து மூணு வருஷம் ஆவுது. காலையில சாப்ட்ட நாஷ்டா ஞாபகம் இருக்காது, ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தத நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க. டாக்டரும் அதான் சொன்னாரு, புது ஞாபகம்தான் மொதல்ல போவும், பழசு ரொம்ப நாள் தங்கும்னு. பழைய ஃபோட்டோ, பாட்டு வச்சி பேச வைக்கறதுக்கு ரெமினிசன்ஸ் தெரபின்னு பேராம், அத விஆர்லயும், அதாவது கண்ண மூடறாப்ல தலையில மாட்டினா அந்த எடத்துலயே இருக்கறாப்ல படம் காட்டற மெஷின்லயும், பண்றாங்கன்னு எங்கயோ படிச்சிட்டு அக்கா பையன் பெங்களூர்ல இருந்து அவன் கேம் ஆடற ஹெட்செட்ட தூக்கிகினு வேலூர் சத்துவாச்சாரில எங்க வீட்டுக்கு வந்துட்டான்.

மொத நாள் செம சொதப்பல். யூடியூப்ல கடலுக்கு அடியில போற 360 டிகிரி வீடியோ (தலைய எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் தெரியும்) போட்டான், மீன் மூஞ்சி கிட்ட வந்ததும் அம்மா கத்திகினே எழுந்துட்டாங்க, பக்கத்துல நான் நிக்கலன்னா உழுந்திருப்பாங்க. அடுத்து சுவிட்சர்லாந்து மலை. "நல்லாதான் கீது, யார் ஊரு இது"ன்னு கேட்டுட்டு கழட்டி வச்சிட்டாங்க. அதோட மூட்டை கட்டிடலாம்னுதான் நெனச்சேன்.

அம்மா பொறந்தது வேலூர் பக்கத்துல விரிஞ்சிபுரம். பையன் ஒரு 360 கேமராவ வாடகைக்கு எடுத்து, வெடியக்காலைல போயி கோயில் மதில் ஓரமா கொஞ்சம், பாலாத்து மணல்ல கொஞ்சம்னு நாலு நாலு நிமிஷம் ஸ்டாண்டுல நிறுத்தி எடுத்துகினு வந்தான். கேமரா நகரவே கூடாது, உடம்பு சும்மா உக்காந்திருக்க கண்ணு மட்டும் போறாப்ல இருந்தா தலை சுத்தும், வாந்தி வரும்.

மதில பாத்ததும், "கடை ஞாயிறா இன்னிக்கி? ஜனமே காணோமே"ன்னாங்க. கார்த்திகை கடைசி ஞாயிறுக்கு அங்க எவ்ளோ கூட்டம்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். அப்புறம் ஆத்து மணல் வந்துச்சு, சேர்ல இருந்து குனிஞ்சி தரைய கையால பறிக்கறாங்க, "கொட்டாங்குச்சி எடுடி, ஊத்து தோண்டலாம்"னு! ஆத்துல தண்ணி ஓடாத காலத்துல மணல்ல குழி தோண்டி, ஊறி தெளியற வரைக்கும் உக்காந்து கதை பேசி, மொண்டு மொண்டு கொடத்துல ஊத்துவாங்களாம். ஹெட்செட்ட கழட்டின அப்புறமும் இருவது நிமிஷம் பேசினாங்க, கொடம் ஒடஞ்சதுக்கு தங்கச்சி மேல பழி போட்ட கதை எனக்கே இப்பதான் தெரியும்.

ஆனா இது மருந்து இல்லீங்க, மறதி கொறையாது, மறுநாளு அந்த வீடியோ பாத்ததே ஞாபகம் இல்ல. ஒரு தடவ சாயங்காலம் அம்மாவுக்கு போட்டுவிட்டு வம்புல மாட்டிகினேன். அந்த நேரத்துல ஏற்கனவே "வீட்டுக்கு போலாம்"னு படபடப்பா இருப்பாங்க, ஊர காட்டி கழட்டினதும் ஒரே அழுகை, ராத்திரி வரைக்கும் செருப்ப கையில வச்சிகினு வாசல்லயே நின்னாங்க. அதுல இருந்து காலையில பத்து மணிக்கு மேலதான், வயிறு நெறஞ்ச அப்புறம், அதுவும் பத்து நிமிஷம். கழட்டின உடனே கையில காபி.

ஹெட்செட் அரை கிலோ கனம், வயசானவங்க கழுத்துக்கு அதிகம்தான், பின்னாடி தலகாணி வச்ச சேரா போடுங்க. மூக்குக்கண்ணாடி உள்ள போவுதான்னு பாத்துக்குங்க. அவங்க பாக்கறது நம்ம ஃபோன்லயும் தெரியறாப்ல காஸ்ட் பண்ணிடணும், இல்லன்னா எதுக்கு பயப்படறாங்கன்னே தெரியாது. கைய விடாம புடிச்சிகினு, மாட்டறதுக்கு முன்னாடி என்னா காட்டப்போறோம்னு சொல்லிடுங்க. வலிப்பு இருக்கறவங்க, தலைசுத்தல் இருக்கறவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க.

இதுக்குன்னே காசு போட்டு வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது இரவல் வாங்கி போட்டு பாருங்க. ஹெட்செட்டுக்கு அஞ்சுக்கு மூணு, பையன் எடுத்த வீடியோவுக்கு அஞ்சுக்கு அஞ்சு.

ஆங், தலைக்கு தேங்காண்ண வச்ச அன்னிக்கி மாட்டாதீங்க, அந்த ஸ்பாஞ்சுல எண்ண ஏறி நாத்தம் போவவே மாட்டேங்குது, பையன் இன்னும் என்னத்தான் திட்டிகினு கீறான்.