மெமரி மெட்டல் கண்ணாடி: ஏழு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

ஒன்றரை வருடத்தில் நாலு ஃப்ரேம் போச்சு. எல்லாம் என் மகளின் கைவரிசை, இரண்டு வயது, மூக்கில் கண்ணாடியைப் பார்த்தாலே பிடுங்க வேண்டும் அவளுக்கு. அதனால்தான் பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு கடையில் 'மெமரி மெட்டல்' என்றதும் 3,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் காதில் மாட்டும் கம்பியை விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக் காட்டினார், விட்டதும் டப்பென்று நிமிர்ந்தது. "ஏனூ ஆகல்லா (ஒன்றும் ஆகாது) சார், மிதிச்சே பாருங்க" என்றார்.

கம்பியைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொய்யில்லை. அது 'நிட்டினால்' (Nitinol) என்கிற உலோகக் கலவை, நிக்கல் அணுவும் டைட்டேனியம் அணுவும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சாதாரணக் கம்பியை ரொம்ப வளைத்தால் அணு அடுக்குகள் வழுக்கி இடம் மாறிவிடும், அப்புறம் கோணல் கோணல்தான். இதில் அடுக்குகள் வழுக்குவதற்கு முன்பே, அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் ஆஸ்டினைட் என்கிற அணு அமைப்பு அப்படியே சாய்ந்து மார்ட்டென்சைட் என்கிற வேறோர் அமைப்பு ஆகிவிடுகிறது. உருகுவதெல்லாம் இல்லை, திடப்பொருளாக இருந்தபடியே கட்டம் மாறுகிறது. கையை எடுத்தால் அறை வெப்பத்தில் மார்ட்டென்சைட் நிற்காது, பழைய இடத்துக்கே ஓடிவந்துவிடும். நீளத்தில் 8 சதவீதம் வரை இழுத்தாலும் மீளுமாம், சாதாரண எஃகு 1 சதவீதம் இழுத்தாலே முழுசாக மீளாது.

அப்படியானால் குளிரில் மார்ட்டென்சைட் நிற்குமா என்று ஒரு கிறுக்கு யோசனை. லென்ஸைக் கழற்றிவிட்டு ஃப்ரேமை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தேன் (மனைவி பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம்). எடுத்த கையோடு வளைத்தால் கம்பி ஈயம் மாதிரி மெத்தென்று வளைந்து அப்படியே நின்றது, உள்ளங்கையில் மூடிக்கொண்டதும் புழு நெளிவது போல மெல்ல நிமிர்ந்தது. கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது.

இனி குறை. நிட்டினால் இருப்பது இரண்டு கம்பியிலும் மூக்குப் பாலத்திலும் மட்டும். லென்ஸைச் சுற்றிய வளையம், கீல், ஸ்க்ரூ எல்லாம் சாதா உலோகம், நாலாவது மாதமே ஒரு வளையம் கோணிக்கொண்டது. கொண்டுபோய்க் கேட்டால் "அது வாரண்டியில் வராது சார்". இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர்களும் யோசித்து வாங்குங்கள்.

பெரிய தொல்லை வேறு. கண்ணாடி மூக்கில் சறுக்கினால் கம்பியைக் கொஞ்சம் வளைத்துத் தருவார்களே, இதில் அது முடியாது, எத்தனை தடவை வளைத்தாலும் நிமிர்ந்துவிடுகிறது. கடைசியில் அல்சூரில் ஒரு பெரியவர்தான் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறையை மட்டும் சூடுகாட்டி மடித்துக் கொடுத்தார். கம்பியை அவர் தொடவே இல்லை. "அது நம்ம பேச்சைக் கேக்காது தம்பி" என்றார்.