ரக்பி டூர்: கொழும்பா, துபாயா?

நம்ம வேலூர் பசங்க டீமை வெளிநாடு கூட்டிட்டு போறதுன்னு முடிவாயிடுச்சு, இப்ப இலங்கையா துபாயான்னு தான் பேச்சு. என் ஓட்டு இலங்கைக்கு தான். காட்பாடில ரயில் ஏறி சென்னை போனா அங்கேர்ந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது, துபாய்னா நாலு மணி நேரம். அத விட முக்கியம் ஆட்டம். இலங்கைல ஸ்கூல் ரக்பின்னா கூட்டம் அள்ளும், கொழும்பு ராயல் காலேஜும் கண்டி டிரினிட்டி காலேஜும் மோதுற பிராட்பி ஷீல்டு 1945ல ஆரம்பிச்சது, ஒரு மேட்ச் கொழும்புல, இன்னொன்னு கண்டில. அந்த மாதிரி ஊர்ல 15 பேர் ஆட்டம் ஆடி, ஸ்க்ரம்ல, அதாவது ரெண்டு டீமும் கோத்துகிட்டு பந்துக்காக முட்டி தள்ளுறதுல, தள்ளி பழகினா தான் நம்ம பசங்களுக்கு தெம்பு வரும், இங்க கட்டாந்தரைல விழுந்து முட்டி தேஞ்சது போதும்.

துபாய்ல வசதிக்கு குறையில்ல, 1970ல ஆரம்பிச்ச செவன்ஸ் போட்டியும் இருக்கு. ஆனா அது 7 பேர் ஆட்டம், பாதிக்கு 7 நிமிஷம் தான், ஸ்க்ரம்ல தள்ளுற நம்ம ஃபார்வர்டு பசங்கள்ல பாதி பேர் பெஞ்சுல தான் உக்காரணும். அதுவும் மே மாச லீவுல அந்த வெயில், வேணவே வேணாம்.

கொழும்புல இடியாப்பம், சம்பல்னு தமிழ்லயே கேட்டு சாப்பிடலாம். பாஸ்போர்ட் இல்லாத பசங்களுக்கு இப்பவே அப்ளை பண்ணிடுங்க.