கைக்குட்டையில் ஓர் எழுத்து: சத்யஜித் ரேயின் 'சாருலதா'

சத்யஜித் ரே 1964இல் இயக்கிய 'சாருலதா' ஒரு கைக்குட்டையில் தொடங்குகிறது. வட்டச் சட்டத்தில் இழுத்துப் பிடித்த வெள்ளைத் துணியில் ஒரு பெண்ணின் கைகள் ஆங்கில 'பி' எழுத்தைப் பூவேலையாகத் தைத்துக்கொண்டிருக்கின்றன. கணவன் பூபதியின் பெயரில் முதலில் வரும் எழுத்து அது. கலைஞர்களின் பெயர்கள் திரையில் ஓடி முடியும்வரை ஊசி துணிக்குள் இறங்கி ஏறுவதை மட்டுமே நாம் பார்க்கிறோம். பொறுமையும் தேர்ச்சியும் உள்ள கைகள் அவை என்பது அதற்குள் தெரிந்துவிடுகிறது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாத கைகள் என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிகிறது.

அந்தச் சில நிமிடங்களை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கு இல்லை. பகல் வேளை, பெரிய வீடு. சாரு அலமாரியிலிருந்து பங்கிம் சந்திரரின் 'கபாலகுண்டலா'வை எடுக்கிறாள். பங்கிமின் பெயரையே மெல்லப் பாட்டாக முணுமுணுக்கிறாள். தெருவில் குரங்காட்டியின் உடுக்கைச் சத்தம் கேட்கிறது. கைப்பிடி வைத்த சிறு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு, மரச் சட்டங்கள் அடைத்த சன்னல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடி, குடை பிடித்துச் செல்லும் பருத்த மனிதர் ஒருவரையும் பல்லக்குத் தூக்கிகளையும் சிறுமியைப் போல விரட்டி விரட்டிப் பார்க்கிறாள். பிறகு பூபதி உள்ளே வருகிறான். புத்தகம் ஒன்றைப் புரட்டியபடியே அவளைக் கவனிக்காமல் கடந்து போகிறான். தாழ்வாரத்தில் தூரமாகப் போய்க்கொண்டிருக்கும் கணவனைச் சாரு அதே தொலைநோக்கியை உயர்த்திப் பார்க்கிறாள். பிறகு அதைத் தாழ்த்திவிடுகிறாள். அந்த மணவாழ்க்கை முழுவதையும் ரே ஏறக்குறைய வசனமே இல்லாமல் அங்கே சொல்லி முடித்துவிடுகிறார்.

தாகூர் 1901இல் எழுதிய 'நஷ்டநீர்' என்ற குறுநாவலே படத்துக்கு மூலம். நீர் என்பது இங்கே தண்ணீரன்று. வங்கத்தில் அது பறவையின் கூட்டைக் குறிக்கும் சொல். குலைந்த கூடு என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கதை நடப்பது 1879, 1880ஆம் ஆண்டுகளின் கல்கத்தாவில். செல்வந்தனான பூபதி 'சென்டினல்' என்ற ஆங்கில அரசியல் பத்திரிகையை வீட்டிலேயே அச்சிட்டு நடத்துகிறான். இங்கிலாந்துத் தேர்தலில் லிபரல் கட்சி வெல்ல வேண்டும் என்று உருகுகிறான். மனைவியின் தனிமை ஒருநாள் அவன் கண்ணில் படுகிறது. துணையாக இருக்கட்டும் என்று சாருவின் அண்ணன் உமாபதாவையும் அவன் மனைவி மந்தாவையும் வரவழைக்கிறான். மந்தாவுக்குச் சீட்டாட்டம் போதும், சாருவுக்குப் போதாது. அப்போதுதான் கோடைப் புயலோடு புயலாக வந்து சேர்கிறான் பூபதியின் ஒன்றுவிட்ட தம்பி அமல். படிப்பை முடித்தவன், கவிதையும் கட்டுரையும் எழுதுபவன், வாய் ஓயாதவன். அண்ணியும் கொழுந்தனும் கேலி பேசிக்கொள்வது வங்கக் குடும்பங்களில் தவறாகக் கருதப்படாத உறவுமுறை. ஆகவே வீட்டில் யாரும் தடுக்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

காதலும் திருமணமும் பற்றிய படம் என்று இதைச் சொல்வது சரிதான். ஆனால் என் கருத்தில் இது முதலில் எழுத்தைப் பற்றிய படம். சாருவுக்கு எழுத வரும் என்று பூபதிக்குத் தோன்றியிருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் அவளை ஊக்குவிக்கும்படி அமலிடம் அவனே கேட்டுக்கொள்கிறான். சாருவோ அமலை எழுத வைக்கிறாள். தன் கையால் செய்த நோட்டுப் புத்தகத்தை அவனுக்குக் கொடுத்து, அதில் எழுதுவது எதையும் அச்சில் வெளியிடக்கூடாது என்று நிபந்தனை போடுகிறாள். தோட்டத்தில் அமல் பாயில் படுத்து எழுதிக்கொண்டிருக்க, அவள் ஊஞ்சலில் ஆடியபடி பாடும் காட்சியில் கேமரா அவளுடனேயே முன்னும் பின்னும் போய்வருகிறது. அவள் முகம் அசையாமல் நிற்க, உலகம்தான் அவளுக்குப் பின்னால் ஆடுகிறது. தொலைநோக்கியில் அக்கம்பக்கத்தில் ஒரு தாயையும் குழந்தையையும் பார்க்கிறாள். பிறகு அதே தொலைநோக்கி அமல் பக்கம் திரும்புகிறது. தன் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவள் கண்டுகொள்ளும் கணம் சாருவாக நடித்த மாதபி முகர்ஜியின் கண்களில் வந்து போகிறது. ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை.

அமல் நிபந்தனையை மீறி எழுதியதை அச்சுக்கு அனுப்புகிறான், அது வெளியாகிறது. அவன் துள்ளிக் குதிக்கிறான், இவள் உடைந்துபோகிறாள். இந்த இடத்தை ஊடல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் படத்தின் பாதியை இழந்துவிடுவோம். காயப்பட்டவள் பேனாவை எடுக்கிறாள். முதலில் அமலின் நடையிலேயே குயிலின் குரலைப் பற்றி எழுதத் தொடங்கி, அதைக் கைவிடுகிறாள். பிறகு தன் கிராமத்தை நினைக்கிறாள். அவள் கண்களின் மீதே ஆறும் படகுகளும் திருவிழாவும் வாணவேடிக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து விலகுகின்றன. எழுத்து எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காட்ட எத்தனையோ படங்கள் தடுமாறியிருக்கின்றன. காற்றில் பறக்கும் தாள்களும் பரபரப்பான வயலின்களும் நாம் அறிந்தவை. ரே காட்டுவது அசையாத ஒரு முகம், அதற்குள் திரும்பிவரும் பிள்ளைப் பருவம், அவ்வளவே. அமல் அவளுக்குக் கொடுத்தது அவளை எழுத வைத்த வலியை. எழுதிய விஷயம் அவளுடையது. கட்டுரை மதிப்புள்ள ஒரு மாத இதழில் வெளியாகிறது. அந்த இதழைச் சுருட்டி அமலின் தலையில் அடித்துவிட்டு, அடுத்த கணமே அவன் மார்பில் முகம் புதைத்து, இனி எழுதமாட்டேன் என்று அழுகிறாள். அவளுடைய வெற்றியும் தோல்வியும் ஒரே அழுகையாக வரும் அந்தக் காட்சிதான் எனக்குப் படத்தின் உச்சம்.

சௌமித்ர சாட்டர்ஜியின் அமலைப் பற்றி ஏராளமானவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் சைலேன் முகர்ஜியின் பூபதியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவன் கொடியவன் அல்லன். தாடிக்குள் குழந்தைச் சிரிப்பு வைத்திருக்கும் நல்லவன். மனைவியின் எழுத்து அச்சேறியிருப்பது மற்றவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியவருகிறது. கணக்கு வழக்கு அத்தனையையும் நம்பி ஒப்படைத்த மைத்துனன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய பிறகு, மனிதர்களை எப்படி நம்புவது என்று அவன் அமலிடம் கேட்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அமலின் முகம் மெல்ல மாறுகிறது. இரண்டாவது துரோகம் தன்னால் நேரப்போகிறது என்று உணர்ந்த இளைஞன், ஒரு கடிதத்தை வைத்துவிட்டு இரவோடு இரவாக வெளியேறுகிறான். யாரும் யாரையும் குற்றம் சாட்டாமலேயே ஒரு வீடு இடிந்துபோவதை இவ்வளவு நியாயத்தோடு சொன்ன படங்கள் குறைவு.

பெரும்பகுதி நிகழும் அந்த வீடு, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பியது. சுவர்த் தாளின் பூக்களிலிருந்து அச்சு எந்திரம் வரை ஒரு வங்கப் பெரிய மனிதரின் வாழ்க்கை அதில் இருக்கிறது. 1956இல் வந்த 'அபராஜிதோ'வில் துணியில் மோதித் திரும்பும் மென்மையான ஒளியைப் பழக்கிய ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, இங்கே சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்தையே ஒரு பாத்திரமாக்குகிறார். இசையும் ரேயுடையது. அமல் பாடும் தாகூர் பாடலுக்குக் குரல் கொடுத்தவர் கிஷோர் குமார். பழகிய இந்திப் பாட்டுத் துள்ளல் எதுவும் இல்லாமல், வீட்டுக்குள் ஒருவன் தன்போக்கில் பாடுவதைப் போலவே பாடியிருக்கிறார். அந்தப் பாடல் கதைக் காலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்று கறாரானவர்கள் சொல்வார்கள். உண்மைதான், கேட்கும்போது எனக்கு அது உறுத்தவில்லை.

உறுத்துவது வேறு. உமாபதாவின் கையாடல் அவசரமாக வந்து அவசரமாக முடிகிறது. மந்தாவை ரே சாருவுக்கு எதிரிடையாக நிறுத்திய பிறகு அவளுக்கென்று ஒரு மனத்தைக் கொடுக்க மறந்துவிட்டார். துணைத்தலைப்பை நம்பிப் பார்ப்பவர்களுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. அமலுக்கு வந்த கல்யாணப் பேச்சை வைத்து, பர்த்வானில் பெண், அதன்பின் பிலேத் எனப்படும் சீமை, பாரிஸ்டர் பட்டம் என்று பகர எழுத்திலேயே சொற்களை அடுக்கி அமலும் சாருவும் விளையாடும் இடத்தில், ஓசைதான் காதல் செய்கிறது. துணைத்தலைப்பில் பொருள் மட்டுமே மிஞ்சுகிறது. முதல் முறை நான் பார்த்தது தேய்ந்துபோன ஒரு பிரதியை. சன்னல் சட்டங்களின் நிழல் எல்லாம் ஒரே கறுப்பாகக் கிடந்தது. மறுசீரமைக்கப்பட்ட பிரதியில் பார்த்தபோதுதான் சாருவின் புடவைக் கரையும் கைக்குட்டையின் நூலும் தெரிந்தன. பார்க்க நினைப்பவர்கள் அந்தப் பிரதியையே தேடிப் பார்க்க வேண்டும்.

1965இல் பெர்லின் விழாவில் ரேக்குச் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்றுத்தந்த படம் இது. தம் படங்களில் குறை மிகக் குறைந்தது இதுவே என்று அவரே சொல்லியிருக்கிறார். இறுதிக் காட்சியைப் பார்க்கும்போது அதை மறுக்கத் தோன்றுவதில்லை. தாகூரின் கதையில் பூபதி பத்திரிகை வேலைக்காக மைசூருக்குப் புறப்படுகிறான், தன்னையும் அழைத்துப்போகச் சாரு கேட்கிறாள், அவன் தயங்குகிறான், பின்பு வா என்கிறான், அவள், வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறாள். ரே அந்த உரையாடலை எடுத்துவிட்டார். அமலின் கடிதத்தை வைத்துக்கொண்டு சாரு கதறுவதைக் கண்டுவிட்ட பூபதி, வண்டியில் ஏறி ஊரைச் சுற்றுகிறான். வண்டிக்குள் கண்ணைத் துடைக்க அவன் எடுப்பது அந்தக் கைக்குட்டையைத்தான். திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். சாரு கையை நீட்டி, வா என்கிறாள். அவனும் கையை நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடுவதற்கு முன்னால் படம் உறைகிறது. விளக்கோடு நிற்கும் வேலைக்காரர், பாதி வெளிச்சத்தில் இரு முகங்கள் என்று அசையாப் படங்களாக அடுத்தடுத்து வர, தாகூர் தம் கதைக்கு வைத்த தலைப்பு வங்க எழுத்தில் திரையில் தோன்றுகிறது.